நடுக்குரலில் நின்று பாடுதல்

சேர்ந்திசைக் குழு ஒன்றில் சில ஆண்டுகளாக ஆல்டோ என்னும் நடுக்குரல் பகுதியில் பாடி வருகிறேன். வேலை, குடும்பம் எல்லாம் போக வாரத்தில் ஒரு மாலையை ஒத்திகைக்கென்று ஒதுக்கி வைத்திருப்பவர்களின் குழு அது. இசையைத் தொழிலாகக் கொண்டவர் பயிற்றுநர் ஒருவர் மட்டுமே. இப்படியொரு குழுவில் சேர ஆசைப்படும் பலர், ‘எனக்குக் குரல் அவ்வளவு நன்றாக இருக்காதே’ என்று தயங்குவதைப் பார்க்கிறேன். அந்தத் தயக்கம் தேவையற்றது என்பது என் உறுதியான எண்ணம். சுமாரான குரல்கள் முப்பது சேர்ந்து மிக நல்ல ஒலியைத் தர முடியும். ஆனால் பக்கத்தில் இருப்பவரைக் கேட்காத அருமையான குரல் ஒன்று இருந்தாலும் அந்த ஒலி கெட்டுவிடும். குழுவில் பாடக் கற்றுக்கொள்வது என்றால் பெரும்பாலும் கேட்கக் கற்றுக்கொள்வதுதான். நான் எழுதப்போகும் எல்லாமே அதைச் சுற்றித்தான் இருக்கும்.

வழக்கமான நான்கு குரல் அமைப்பில் பெண்களின் உயர்ந்த குரல் சொப்ரானோ, தாழ்ந்த குரல் ஆல்டோ. ஆண்களின் உயர்ந்த குரல் டெனர், தாழ்ந்த குரல் பாஸ். மெட்டு பெரும்பாலும் சொப்ரானோவிடம் போய்விடும். அஸ்திவாரம் பாஸிடம் இருக்கும். நடுவில் நிற்கும் ஆல்டோவுக்கும் டெனருக்கும் கிடைப்பது, பல சமயங்களில், நாலைந்து சுரங்களுக்குள் அடங்கிவிடும் ஒரு வரி. வீட்டில் என் பகுதியை மட்டும் பாடிப் பழகும்போது, அது எந்தப் பாட்டு என்று கேட்பவர்களால் சொல்ல முடியாது. இதனால் புதிதாக ஆல்டோவில் சேருபவர்களுக்கு ஒரு ஏமாற்றம் வருவது இயல்பு. அந்த ஏமாற்றத்தைப் போக்க எங்கள் பயிற்றுநர் ஒரு காரியம் செய்வார். ஒரு பாட்டின் இறுதிச் சுரக்கூட்டைப் பிடித்து நிறுத்தச் சொல்வார்: பாஸ் கீழ்ச் சட்ஜத்தில் (ஸ), டெனர் பஞ்சமத்தில் (ப), சொப்ரானோ மேல் சட்ஜத்தில், ஆல்டோ நடுவே காந்தாரத்தில் (க). ஒலி நிலைத்ததும் ஆல்டோவை மட்டும் நிறுத்தும்படி கை காட்டுவார். அந்தக் கணத்தில் அறையே வெறிச்சோடிப் போகும். பிறகு எங்களை மீண்டும் அழைத்து, அந்தர காந்தாரத்துக்குப் பதிலாக, அதைவிட அரைச் சுரம் தாழ்ந்த சாதாரண காந்தாரத்தைப் பாடச் சொல்வார். மற்ற மூன்று குரல்களும் அணுவும் அசையாமல் அதே சுரங்களைப் பிடித்திருக்க, பாட்டின் முகம் மட்டும் மகிழ்ச்சியிலிருந்து துயரத்துக்கு மாறிவிடும். அந்தச் சுரக்கூட்டின் குணத்தைத் தீர்மானிப்பது நாங்கள் பாடும் ஒற்றைச் சுரம் என்று காதால் அறிந்த பிறகு, எனக்கு மெட்டு கிடைக்கவில்லையே என்ற குறை ஒருபோதும் வந்ததில்லை.

சிறு வயதில் கொஞ்சம் கர்நாடக சங்கீதம் கற்றவர்கள் எங்கள் குழுவில் பலர் இருக்கிறார்கள். நானும் அவர்களில் ஒருத்தி. அந்தப் பயிற்சி ஒரு வகையில் பெரிய உதவி. எந்தச் சுருதியில் தொடங்கினாலும் அதைச் சட்ஜமாகக் கொண்டு மற்றச் சுரங்களைக் கண்டுபிடிக்கும் பழக்கம் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் சாரா குளோவர் உருவாக்கி ஜான் கர்வன் பரப்பிய டானிக் சோல்ஃபா முறையும் இதே அடிப்படையில் அமைந்ததுதான். அதன் டோ, ரே, மி, ஃபா, சோ, லா, டீ ஆகியவை நம் சங்கராபரண ராகத்தின் சுரங்களே. டோவை எந்தச் சுருதியிலும் வைத்துக்கொள்ளலாம். ஐந்து கோட்டு இசைக்குறிப்பைக் கண்டு மிரளுபவர்களிடம், தங்கள் பகுதியை முதலில் ஸரிகமவில் எழுதிப் பார்க்கும்படி சொல்வேன். சாதாரண மக்கள் பார்த்தவுடன் பாட வேண்டும் என்பதற்காகவே கர்வன் அந்த முறையை அவ்வளவு பாடுபட்டுப் பரப்பினார். நமக்கோ பாதி வேலை முன்பே முடிந்திருக்கிறது.

ஆனால் அதே பயிற்சி சில இடங்களில் இடறவும் செய்யும். கமகம், அதாவது சுரத்தை அசைத்துப் பாடுவது, இல்லாமல் ஒரு சுரத்தை நேராக நிறுத்துவது நமக்குப் பழக்கமில்லாதது. ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு இழைந்து போவது தனியாகப் பாடும்போது அழகு. நான்கு பகுதிகளும் ஒரே நொடியில் புதிய சுரக்கூட்டுக்கு மாற வேண்டிய இடத்தில் ஒருவர் மட்டும் இழைந்து வந்தால், அந்த நொடி கலங்கிவிடும். அதைவிடக் கடினம், மெட்டின் இழுப்பு. மெட்டு ஒன்றையே இசையாகக் கேட்டு வளர்ந்த காது, மெட்டு ஒலிக்கும் திசைக்குத் தானாகவே போய்விடும். சேர்ந்த புதிதில் நான் என் பகுதியைப் பிடித்துக்கொள்வதற்காகப் பக்கத்தில் நின்ற மூத்த அக்காவின் குரலோடு ஒட்டிக்கொண்டே வருவேன். சில வாரங்கள் பொறுத்துப் பார்த்த அவர் ஒருநாள், “என் குரலைப் பிடிச்சுக்கிட்டே வராதேம்மா, நான் ஒரு நாள் வரலைன்னா என்ன பண்ணுவே? பாஸ் பாடுறவங்களைக் கேளு, உன் சுரம் தானா வரும்” என்றார். எனக்குக் கிடைத்த ஆலோசனைகளில் மிகச் சிறந்தது அதுதான். பக்கத்துக் குரலைப் பின்பற்றினால் நாம் எப்போதும் நொடியின் ஒரு துளி பின்தங்கியே இருப்போம். பாஸின் அடிச்சுரத்தோடு நம் சுரம் எப்படி உறவு கொண்டிருக்கிறது என்று தெரிந்துவிட்டால், யார் வந்தாலும் வராவிட்டாலும் நம் இடம் நமக்குத் தெரியும்.

இதை வீட்டில் பழக ஒரு வழி உண்டு. ஒத்திகையில் நான்கு குரல்களும் சேர்ந்து பாடியதைக் கைபேசியில் பதிவு செய்துகொண்டு, முதலில் மிகக் குறைந்த ஒலியில் ஓடவிட்டு அதன்மேல் உங்கள் பகுதியைப் பாடுங்கள்; ஒவ்வொரு முறையும் பதிவின் ஒலியைச் சற்றுக் கூட்டுங்கள். மற்றக் குரல்கள் உங்கள் குரலைவிட ஓங்கி ஒலிக்கும்போதும் உங்கள் வரி கலையாமல் நின்றால் அந்தப் பாட்டு உங்களுடையதாகிவிட்டது. உங்கள் பகுதியை மட்டும் தனியாகத் திரும்பத் திரும்பப் பாடுவதால் இந்த உறுதி வராது. தனிமையில் முழுவதும் தெரிந்த வரி, கூட்டத்தில் முதல் எதிர்ச்சுரம் கேட்டவுடன் ஓடிவிடுவதை எத்தனையோ பேரிடம் பார்த்திருக்கிறேன். இன்னொன்று, ஒவ்வொரு முறை நிறுத்தித் தொடங்கும் இடத்திலும் உங்கள் முதல் சுரம் அதற்கு முன் யாருடைய வாயில் இருந்தது என்று கண்டுபிடித்துத் தாளில் பென்சிலால் குறித்துவையுங்கள். சொப்ரானோ முடித்த பஞ்சமத்தில் நீங்கள் தொடங்க வேண்டியிருக்கலாம், அல்லது டெனரின் கடைசிச் சுரத்துக்கு ஒரு சுரம் மேலே. என் தாள்களில் இப்படிப்பட்ட அம்புக்குறிகள்தான் மிகுதியாக இருக்கும். கீபோர்டு சுரம் கொடுக்கும் என்று காத்திருப்பவர், பக்கவாத்தியமில்லாத பாட்டில் திகைத்து நிற்பார்.

சுருதி சேர்வதைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். இந்த விஷயத்தில் எனக்கு ஆர்வம் அதிகம். கீபோர்டில் நடு ‘ஏ’ சுரம் நொடிக்கு 440 அதிர்வுகள் என்பது பன்னாட்டுத் தர நிர்ணயம். ஐஎஸ்ஓ 16 என்ற பெயரில் 1975இல் உறுதி செய்யப்பட்டது. அங்கிருந்து ஸ்தாயியை, அதாவது ஒரு சட்ஜத்திலிருந்து அடுத்த சட்ஜம் வரையுள்ள தூரத்தை, பன்னிரண்டு சம பங்குகளாகப் பிரித்து மற்றச் சுரங்களை அமைத்திருக்கிறார்கள். இந்தச் சமப் பங்கீட்டில் அந்தர காந்தாரம் தன் இயற்கையான இடத்தைவிடச் சுமார் 14 சென்ட் உயர்ந்துவிடுகிறது. ஒரு அரைச் சுரம் 100 சென்ட் என்று வைத்துக்கொண்டால் இது ஏழில் ஒரு பங்கு. தம்பூராவை நன்றாகச் சுருதி சேர்த்து மீட்டினால் யாரும் பாடாமலேயே ஒலிக்கிறதே சுயம்பு காந்தாரம், அதுதான் இயற்கையான இடம். வாத்தியம் இல்லாமல் நான்கு குரல்களும் ஒரு சுரக்கூட்டைப் பிடித்து நிறுத்தும்போது, காந்தாரம் பாடும் நாங்கள் கீபோர்டில் கேட்டுப் பழகிய இடத்திலிருந்து ஒரு மயிரிழை இறங்கி அமர்ந்தால், கூட்டின் உள்ளே இருந்த மெல்லிய உரசல் திடீரென்று அடங்கிவிடும். யாரும் பாடாத உயர்ந்த சுரம் ஒன்று தலைக்கு மேலே ஒலிப்பதுபோல் கேட்கும். சுருதிப் பெட்டியோடு பாடிப் பழகிய காதுக்கு இந்த இடம் எளிதில் பிடிபடுகிறது. குழுப் பயிற்சி மட்டும் பெற்றவர்களைவிட நமக்கு இதில் ஒரு அனுகூலம் இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

இதற்கு நேர்மாறான தொல்லை, பாட்டு முழுவதும் சிறிது சிறிதாகக் கீழே இறங்கிப்போவது. பக்கவாத்தியமில்லாமல் பாடும் எந்த அமெச்சூர் குழுவுக்கும் இது தெரிந்த சங்கடம். தொடங்கிய சுருதியில் பாட்டு முடியாது; கடைசியில் கீபோர்டைத் தட்டிப் பார்த்தால் அரைச் சுரமோ அதற்கு மேலோ இறங்கியிருக்கும். யாரோ ஒருவர் அபசுரமாகப் பாடியதால் இது நிகழ்வதில்லை. கீழ்நோக்கி வரும் சுரங்களைச் சற்றுப் பெரிய அடியாக எடுத்துவைப்பது, மேல்நோக்கிப் போகும்போது சற்றுச் சிறிய அடியாக எடுப்பது, ஒரே சுரம் பலமுறை திரும்ப வரும்போது ஒவ்வொரு முறையும் இம்மியளவு தளர்வது, வாக்கியத்தின் இறுதியில் மூச்சு குறைவது ஆகிய எல்லாம் எல்லாரிடமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருகின்றன. ஆல்டோவில் ஒரே சுரம் அடுக்கடுக்காக வருவது சகஜம் என்பதால் எங்கள் பொறுப்பு அதிகம். அப்படிப்பட்ட இடங்களில் ஒவ்வொரு சுரத்தையும் முந்தையதைவிட ஒரு துளி உயர்ந்ததாக மனத்தில் நினைத்துப் பாடச் சொல்வார் பயிற்றுநர். அப்படி நினைத்தால்தான் சுரம் இருந்த இடத்தில் இருக்கும். உட்கார்ந்து பாடுவதை விட்டு எழுந்து நின்றாலே பாதி இறக்கம் சரியாகிவிடும்.

மூச்சு விஷயத்தில் தனிப்பாடகருக்கு இல்லாத ஒரு வசதி குழுவுக்கு உண்டு. நீண்ட வாக்கியம் ஒன்றை மூச்சு விடாமல் பாடியதுபோல் கேட்கச் செய்யலாம். ஒவ்வொருவரும் வேறு வேறு இடத்தில் மூச்சு வாங்கினால் போதும். இதற்குச் சில நாகரிகங்கள் இருக்கின்றன. எல்லாருக்கும் மூச்சு வாங்கத் தோன்றும் இடத்தில், அதாவது சொல் முடியும் இடத்தில், வாங்கக் கூடாது. பக்கத்தில் நிற்பவர் வாங்கும்போது வாங்கக் கூடாது. நீண்ட உயிரெழுத்தின் நடுவில் ஒலியை மெல்லக் குறைத்து நிறுத்தி, மூச்செடுத்து, அதே உயிரெழுத்தில் மெல்ல நுழைந்து ஒலியைக் கூட்ட வேண்டும். மூச்சு தீரும்வரை காத்திருந்து வாங்கினால் திணறல் வெளியே கேட்கும்; தேவைப்படுவதற்கு முன்பே வாங்கிக்கொள்வது நல்லது. குழுவாகப் பாடும்போது உடலில் ஒரு அமைதி பரவுவதை எல்லாரும் உணர்கிறோம். சுவீடன் ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட ஆய்வொன்று, சேர்ந்து பாடுபவர்களின் இதயத்துடிப்பு ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்குவதைப் பதிவு செய்திருக்கிறது. மூச்சை இழுக்கும்போது துடிப்பு சற்று வேகமாவதும் விடும்போது தணிவதும் உடலின் இயல்பு; எல்லாரும் வாக்கிய முடிவில் சேர்ந்தே மூச்செடுக்கும் பாட்டுகளில், வாக்கியங்கள் எல்லாருடைய மூச்சையும் ஒரே ஒழுங்குக்குக் கொண்டுவருவதால் இதயமும் அதைப் பின்பற்றுகிறது.

எவ்வளவு சத்தமாகப் பாடுவது என்பது அடுத்த கேள்வி. சுற்றிலும் ஒலி அதிகமானால் நம்மையறியாமல் குரலை உயர்த்திவிடுவோம். பிரெஞ்சு மருத்துவர் எத்தியேன் லொம்பார்ட் 1911இல் விவரித்த இந்த இயல்பு அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. குழுவில் இது ஒரு சங்கிலியாக மாறும்: ஒருவருக்குத் தன் குரல் கேட்கவில்லை, உயர்த்துகிறார், அடுத்தவருக்குக் கேட்கவில்லை, அவரும் உயர்த்துகிறார், முடிவில் எல்லாரும் கத்திக்கொண்டிருப்போம். ஸ்டாக்ஹோமில் ஸ்டென் டெர்ன்ஸ்ட்ரோம் செய்த அளவீடுகளில், குழுப் பாடகர்கள் தங்கள் சொந்தக் குரல் மற்றவர்களின் குரலைவிடச் சராசரியாக 6 டெசிபல் கூடுதலாகக் கேட்பதையே விரும்பினார்கள்; ஆனால் இந்த விருப்பம் ஆளுக்கு ஆள் வெகுவாக வேறுபட்டது. இதிலிருந்து நான் கற்றுக்கொண்டது, என் குரல் எனக்குக் கேட்காவிட்டால் உடனே உயர்த்தாமல், அடுத்தவரிடமிருந்து அரையடி தள்ளி நிற்க இடமிருக்கிறதா என்று முதலில் பார்ப்பது. தோளோடு தோள் இடித்து நிற்கும் குழுவை ஒரு கை அகலம் பிரித்து நிறுத்தினாலே ஒலி தெளிவதைக் கேட்கலாம். மென்மையாகப் பாடும் இடங்களில் நான் வைத்துக்கொள்ளும் அளவுகோல் எளிமையானது: எனக்கு டெனர் கேட்கவில்லை என்றால் நான் பாடுவது அதிகம்.

தமிழ்ப் பாட்டுகளைச் சேர்ந்திசையாகப் பாடும்போது எழுகிற சில நுணுக்கங்களைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. குழுவின் ஒலி ஒன்றாகக் கேட்பதற்கு முக்கிய காரணம் எல்லாரும் ஒரே மாதிரி உயிரெழுத்தை ஒலிப்பது. ‘ஆ’ என்பதை ஒருவர் வாயை அகலமாக விரித்தும் இன்னொருவர் உயரமாகத் திறந்தும் ஒலித்தால், இருவரும் ஒரே சுரத்தில் இருந்தாலும் சுருதி விலகியதுபோலவே கேட்கும். சொல்லின் இறுதியில் வரும் குற்றியலுகரம் இன்னும் சிக்கலானது. ‘காற்று’, ‘பாட்டு’ போன்ற சொற்கள் நீண்ட சுரத்தில் முடிந்தால், சிலர் இதழ் குவித்து முழு உகரமாகவும் சிலர் இதழ் குவியாமலும் பாடுவார்கள். எது என்று முன்கூட்டியே பேசி முடிவு செய்தாக வேண்டும். மெய்யில் முடியும் தமிழ்ச் சொற்கள் பெரும்பாலும் ம், ன், ல், ர், ள், ழ் போன்ற, இழுத்துப் பாடக்கூடிய ஒலிகளில் முடிவது நமக்கு ஒரு வரம். ஆனால் அந்த மெய்யைத் தாளத்தின் எந்தத் தட்டில் மூடுவது என்பதைக் குறித்துக்கொள்ளாவிட்டால், ‘வானம்’ என்ற சொல்லின் கடைசி ‘ம்’ ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு நேரத்தில் மூடும். குறில் நெடில் பற்றியும் நாங்கள் விழிப்பாக இருக்கிறோம். வேறு மொழிப் பாட்டின் இசையில் தமிழ்ச் சொற்களைப் பொருத்தும்போது குறில் விழும் இடத்தில் நீண்ட சுரம் வந்துவிட்டால் ‘கல்’ என்பது ‘கால்’ ஆகிவிடும். அப்படிப்பட்ட இடங்களில் சுரத்தை மாற்றலாம், சொல்லை மாற்றலாம். அப்படியே விட்டுவிடுவதை நான் ஏற்க மாட்டேன். கேட்பவர் சொல்லையும் சேர்த்தே கேட்கிறார்.

தொண்டைப் பராமரிப்பு பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒத்திகைக்கு முன் உதடுகளை ‘ப்ர்ர்ர்’ என்று அதிரவிட்டு மேலும் கீழும் போவது, வாயை மூடி ‘ம்’ என்று மெல்ல ஒலிப்பது ஆகிய பயிற்சிகள் குரல் நாண்களுக்கு அதிக அழுத்தம் தராமல் அவற்றைத் தயார்ப்படுத்துகின்றன. தாமதமாக வருபவர்கள் இழப்பது இதைத்தான். குடிக்கும் தண்ணீர் உணவுக்குழாயில் போகிறது, குரல் நாண்களைத் தொடுவதில்லை. உடல் முழுவதும் பரவித்தான் அது பயன் தர வேண்டும் என்பதால், பாடுவதற்கு முன் மடமடவென்று குடிப்பதைவிடக் காலையிலிருந்தே போதுமான அளவு குடித்து வருவது நல்லது. குரல் கம்மல் நான்கு வாரத்துக்கு மேல் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும்.

உடல்நலம் சரியில்லாதபோது ஒத்திகைக்கு வராமல் இருப்பதும் குழுவுக்குச் செய்யும் கடமைதான். அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்காகிட் பகுதியில் 2020 மார்ச் 10 அன்று நடந்த ஒரு பாடகர் குழு ஒத்திகையில் 61 பேர் கலந்துகொண்டார்கள். இரண்டரை மணி நேரம் நீடித்த அந்த ஒத்திகைக்குப் பின் 53 பேர் கொரோனா தொற்றுக்கு ஆளானதாகக் கணக்கிடப்பட்டது, அவர்களில் இருவர் இறந்தார்கள். வாயை நன்றாகத் திறந்து, ஆழ மூச்செடுத்து, பலர் நெருங்கி நின்று செய்யும் காரியம் இது என்பதை அந்தச் செய்தி எல்லாக் குழுக்களுக்கும் உணர்த்தியது. அதன் பிறகு எங்கள் ஒத்திகை அறையின் சன்னல்கள் மூடியதில்லை. வெளிச் சத்தம் கொஞ்சம் வரத்தான் செய்யும். சளி, காய்ச்சல் உள்ளவர்கள் வீட்டிலிருந்தே பதிவைக் கேட்டுத் தாளைப் பின்தொடர்ந்தால் போதும் என்பது எங்களிடையே ஏற்பட்ட ஒப்பந்தம்.

மற்றப்படி, தவறாமல் வருவதை நான் எல்லாவற்றுக்கும் மேலாக மதிக்கிறேன். அருமையாகப் பாடிக்கொண்டு மாதம் ஒருமுறை வருபவரால் குழுவுக்குக் கிடைப்பது குறைவு. அவர் வரும் நாளில் அவருக்காகப் பழையதை மீண்டும் சொல்லித்தர வேண்டியிருக்கும். இன்னொரு பகுதிக்குப் பயிற்சி நடக்கும்போது பேசிக்கொண்டிருப்பது பெரும்பாலான குழுக்களில் உள்ள பழக்கம். அந்த நேரம்தான் உங்களுக்குக் கிடைக்கும் மிகச் சிறந்த பாடம் என்று புதியவர்களிடம் சொல்கிறேன்: டெனர் தன் வரியைத் திரும்பத் திரும்பப் பாடும்போது, வாய் திறக்காமல் மனத்துக்குள் உங்கள் வரியை அதன்மேல் வைத்துப் பாருங்கள். அடுத்து எல்லாரும் சேர்ந்து பாடும்போது வித்தியாசம் உங்களுக்கே தெரியும்.

குழுவில் சேர எண்ணுபவர்கள் முதலில் ஒரு முழு ஒத்திகைக்கு வெறும் பார்வையாளராகப் போய் அமர அனுமதி கேளுங்கள். நல்ல பயிற்றுநர் எவரும் மறுக்க மாட்டார். பிழை நேரும்போது அவர் ஆளைச் சுட்டுகிறாரா, இடத்தைச் சுட்டுகிறாரா என்று கவனியுங்கள். ‘மூன்றாம் வரியில் ஆல்டோவின் நிஷாதம் இறங்குகிறது’ என்று சொல்பவரிடம் தைரியமாகச் சேரலாம். நடு வரிசைக் குரல்களுக்கு அவர் எவ்வளவு நேரம் ஒதுக்குகிறார் என்பதையும் பாருங்கள். இசைக்குறிப்பு படிக்கத் தெரியாதவர்களுக்குப் பகுதி வாரியான ஒலிப்பதிவு தருவார்களா, உங்கள் குரல் எந்தப் பகுதிக்குப் பொருந்தும் என்று யார் பார்ப்பார்கள் என்பவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மெட்டு பாட வேண்டும் என்ற ஆசையில் குரலுக்குப் பொருந்தாத உயரத்தில் சொப்ரானோவாகச் சேர்ந்துவிடாதீர்கள். பயிற்றுநர் ஆல்டோவுக்கோ டெனருக்கோ அனுப்பினால் ஒரு பாட்டு முழுவதையும் கற்று முடிக்கும்வரை அங்கேயே நின்று பாருங்கள். நான்கு குரல்களும் முதன்முறையாகச் சேரும் ஒத்திகைக்கு முன்பு அந்த இடத்தைப் பற்றி எந்த முடிவுக்கும் வர வேண்டாம்.